வாட்ச் காட்டும் கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா? எடை குறைப்போருக்கு நான்கு கணக்குகள்

ராயபுரம் ராபின்சன் பூங்காவில் காலையில் ஒரு மணி நேரம் நடந்து முடித்தால் கையிலிருக்கும் வாட்ச் 420 கலோரி செலவானதாகக் காட்டுகிறது. போனிலுள்ள ஆப் ஒரு நாளைக்கு 2,190 சாப்பிடலாம் என்கிறது. ஜிம் மாஸ்டர் 1,500ஐத் தாண்டாதீர்கள் என்கிறார். மூவரும் ஒரே உடம்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எண்கள் மட்டும் ஒன்றுக்கொன்று 700 வரை தள்ளி நிற்கின்றன. இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல்தான் பலர் இரண்டாம் மாதமே பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

பயிற்சியோடு சேர்த்து உணவளவை முடிவு செய்ய நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன:

- சூத்திரம் போட்டு, தினமும் ஒரே அளவு சாப்பிடுவது.
- பயிற்சி இல்லாத நாளுக்கு ஓர் அளவு வைத்து, பயிற்சி நாளில் கொஞ்சம் கூட்டிக்கொள்வது.
- சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு வாரம் நோட்டில் எழுதி உங்கள் உடம்பின் எண்ணைக் கண்டுபிடிப்பது.
- எண்ணாமலே தட்டிலும் டம்ளரிலும் குறைப்பது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பிழை. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3,500. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற கணக்கில் அது வாரம் 450 கிராம். நீங்கள் குறைப்பதே 500தான் என்னும்போது, கணக்கில் 400 பிழை இருந்தால் மிஞ்சுவது 100.

அடுத்தது, பயிற்சி இரண்டு முறை, அதாவது அன்றாடச் செலவுக் கணக்கில் ஒருமுறையும் வாட்ச் எண்ணில் மறுமுறையும், எண்ணப்படுகிறதா என்பது. எடை குறையாமல் நிற்பவர்களிடம் காணப்படும் தவறுகளில் இதுவும் ஒன்று.

மூன்றாவது, நம் சமையலுக்கு ஒத்துவருமா என்பது. ஒரே குண்டானில் ஐந்து பேருக்குக் குழம்பு வைக்கும் வீடு, மாலையில் டீக்கடை, இரவில் பரோட்டா சால்னா என்றிருக்கும் வாழ்க்கையில் பாக்கெட்டின் பின்புறம் பார்த்துக் கணக்கெழுத முடியாது.

நான்காவது, எத்தனை மாதம் தாங்கும் என்பது. ஐந்தாவதைத்தான் நாங்கள் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறோம். கணக்கு தவறிவிட்டால், தவறியது தெரியவருமா? தெரிந்தால் திருத்த வழி இருக்கிறதா?

## எல்லா வழிக்கும் அடிப்படையான எண்

சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கும் கலோரிக்கு 1990இல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜோர் சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

எடை கிலோவை 10ஆல் பெருக்குங்கள். உயரம் சென்டிமீட்டரை 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும்.

மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதும் 38 வயது ஆண், 86 கிலோ, 170 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 860 + 1,062 − 190 + 5. சுமார் 1,737 வருகிறது. எம்.சி. ரோடு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் 34 வயதுப் பெண், 72 கிலோ, 156 செ.மீ. என்றால் 720 + 975 − 170 − 161, அதாவது 1,364.

இதை நடமாட்டத்துக்கு ஏற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் எடை ஏறாமலும் இறங்காமலும் வைத்திருக்கும் அளவு கிடைக்கும். உட்கார்ந்த வேலைக்கு 1.2, லேசான நடமாட்டத்துக்கு 1.375, நடுத்தரத்துக்கு 1.55, கடும் உழைப்புக்கு 1.725. கணக்கு தடம் புரள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

## வழி 1: தினமும் ஒரே அளவு

பெருக்கி வந்ததில் 500ஐக் கழித்துவிட்டு, நடந்த நாளும் நடக்காத நாளும் அதையே சாப்பிடுவது. பயிற்சி பெருக்கெண்ணுக்குள்ளேயே அடங்கிவிட்டதால் வாட்சைப் பார்க்கவே வேண்டாம். எளிமை என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை.

சிக்கல் பெருக்கெண்ணைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. “வாரம் 3 முதல் 5 நாள் பயிற்சி” என்று ஆப்பில் தட்டினால் அது 1.55 போட்டுவிடும். நம் கணக்காளருக்கு அது 2,693. இப்போது அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேர நடை, வாரம் ஐந்து நாள். இந்த வேகத்தில் நடப்பது, சும்மா இருப்பதைப் போல சுமார் 3.5 மடங்கு செலவு. சும்மா இருந்தாலே அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு 86 கலோரி போயிருக்கும். அதைக் கழித்துவிட்டால் நடையின் கூடுதல் செலவு 215தான். ஐந்து நாள் நடையை ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 154. உட்கார்ந்த வேலைக்கான 2,085உடன் இதைக் கூட்டினால் 2,239 ஆகிறது. பெருக்கெண்ணாகச் சொன்னால் 1.29.

ஆப் கொடுத்த 2,693இல் 500 கழித்தால் 2,190. அவருடைய உண்மையான செலவோ 2,239. 500 குறைத்ததாக நினைத்துக்கொண்டு 50 மட்டும் குறைத்திருக்கிறார்! மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் நடந்தும் எடை மெஷின் அசையாததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தைராய்டா, பரம்பரையா என்று அலைவதற்கு முன் பெருக்கெண்ணை மாற்றிப் பாருங்கள்.

துணிக்கடைப் பெண்ணின் நிலை நேரெதிர். “பயிற்சி இல்லை” என்று தட்டினால் ஆப் 1.2 போட்டு 1,637 என்று சொல்லும். பத்து மணி நேரம் நின்று, மாடிப்படி ஏறி இறங்கி, துணிக்கட்டு தூக்கும் வேலையே அவரை 1.375க்குக் கொண்டுபோய்விடும். அதன்படி அவர் செலவு 1,876. 1,637இலிருந்து 500ஐக் கழித்து 1,137 சாப்பிட்டால் பகல் மூன்று மணிக்குத் தலை சுற்றும், இரவில் பசி தாங்காமல் இரட்டிப்பாகச் சாப்பிட நேரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வெளியிட்ட பரிந்துரை இதற்கு நல்ல உரைகல். 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2,110, நடுத்தர உழைப்பு என்றால் 2,710 கலோரி. நடுவிலுள்ள 600, எட்டு மணி நேர வேலையின் விலை. ஒரு மணி நேர நடை அதைக் கொடுத்துவிடாது. ஆகவே பெருக்கெண்ணை முதலில் உங்கள் வேலையை வைத்து எடுங்கள், பயிற்சிக்கு 0.1 மட்டும் கூட்டுங்கள். மேசை வேலையும் நடையும் என்றால் 1.3. பட்டறையிலோ துறைமுகத்திலோ உடம்பு வளைக்கும் வேலை என்றால் 1.55க்குக் கீழே இறங்க வேண்டாம்.

இந்த வழி பொருந்துவது ஒழுங்கான நேரத்தில் வேலை, வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி என்று இருப்பவர்களுக்கு.

## வழி 2: பயிற்சி நாளில் கூட்டிக்கொள்வது

அடிப்படையை 1.2இல் வைத்து 500ஐக் கழித்துவிட வேண்டும். கணக்காளருக்கு 1,585. நடந்த நாளில் நடையின் செலவை அதன்மேல் கூட்டிக்கொள்ளலாம். ஒரு வாரம் பயிற்சி, மறுவாரம் மழை என்றிருப்பவருக்கு நியாயமான வழி இது.

எவ்வளவு கூட்டுவது என்பதுதான் கேள்வி. வாட்ச் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் ஏழு கைப்பட்டைக் கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகச் சொன்ன அதே கருவிகள் கலோரியில் சறுக்கின. ஆகச் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். இது போதாதென்று, பல கருவிகள் சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியையும் சேர்த்தே காட்டுகின்றன. அதை ஏற்கெனவே அடிப்படையில் எண்ணிவிட்டோம். உடம்பும் தன் பங்குக்குச் சமாளிக்கிறது. பயிற்சியில் செலவானதில் ஒரு பகுதியை, நாளின் மற்ற நேரங்களில் சிக்கனம் பிடித்து ஈடுகட்டிவிடும். 2021இல் வந்த ஒரு பெரிய ஆய்வு அதைச் சராசரியாக 28 சதவீதம் என்று மதிப்பிட்டது.

அதனால் விதி இது: வாட்ச் காட்டுவதில் பாதிக்கு மேல் சாப்பிடாதீர்கள். 420 என்றால் 210. முன்பு கணக்கிட்ட 215உடன் இது ஒத்துப்போவதைப் பாருங்கள். முழு 420ஐயும் சாப்பிட்டால் வாரத்துக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் தப்பும், மாதத்துக்கு அரைக் கிலோ குறையாமல் போகும்.

வாட்சே இல்லாதவருக்கு இதைவிட எளிய கணக்கு உண்டு. ஒரு கிலோமீட்டர் நடந்தால் உடல் எடை கிலோ ஒன்றுக்கு அரை கலோரி, ஓடினால் ஒரு கலோரி. 70 கிலோக்காரர் 4 கிலோமீட்டர் நடந்தால் 140, ஓடினால் 280. வாட்சைவிட இது மோசமாகத் தவறாது. ட்ரெட்மில் திரையை மட்டும் நம்பாதீர்கள். எடையைக் கேட்காத மெஷின் யாருடைய உடம்புக்குக் கணக்குப் போடுகிறது என்பது அதற்கே தெரியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பிழை இன்னும் கூடும்.

வியாசர்பாடியில் ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் ஃபுட்பால் ஆடும் 70 கிலோ இளைஞருக்கு இந்த வழி அவசியம். ஆட்டம் முழுக்க ஓடினால் கூடுதல் செலவு 600ஐத் தொடும். அதில் 300 சாப்பிடாவிட்டால் திங்கட்கிழமை உடம்பு எழாது. ராயபுரம் பக்கம் பாக்சிங் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் இதுவேதான். ஆனால் பையைக் குத்தும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள். நின்று பேசும் நேரமும் கைக்கட்டுச் சுற்றும் நேரமும் பயிற்சி அல்ல.

இந்த வழியின் மறைமுக விலை மனதில் விழுகிறது. நடை என்பது சாப்பாட்டுக்கான ரூபாய் நோட்டாகிவிடும். “இன்னைக்கு நடந்தாச்சு, ஒரு செட் பூரி வாங்கலாம்” என்ற எண்ணம் வந்துவிட்டால் வழி 1க்கு மாறிவிடுவது நல்லது. கூட்டிச் சாப்பிடுவதும் பயிற்சிக்கு உதவும் உணவாக இருக்கட்டும்: இரண்டு இட்லியும் ஒரு முட்டையும், அல்லது ஒரு கப் சுண்டல்.

## வழி 3: நான்கு வார நோட்டு

இதற்குச் சூத்திரம் தேவையில்லை. 28 நாள் சாப்பிட்டதை எழுதுங்கள். தினமும் காலை, கழிப்பறை போய்வந்த பின், தண்ணீர் குடிக்கும் முன், ஒரே மெஷினில் எடை பாருங்கள். முதல் வாரத்தை விட்டுவிடுங்கள், அதில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். இரண்டாம் வாரத்தின் ஏழு நாள் சராசரியையும் நான்காம் வாரத்தின் ஏழு நாள் சராசரியையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கணக்காளர் நாளுக்குச் சராசரியாக 1,850 சாப்பிட்டார், எடைச் சராசரி 85.4இலிருந்து 84.8க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். 0.6 கிலோவை 7,700ஆல் பெருக்கி 14ஆல் வகுத்தால் 330. 1,850உடன் 330 சேர்த்தால் 2,180. அவருடைய வேலை, நடை, உடம்பின் சிக்கனம் எல்லாம் அடங்கிய சொந்த எண் அது. பயிற்சியைத் தனியாக எண்ண இடமே இல்லை.

இதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. டீயில் சர்க்கரையை எழுத மறக்கிறீர்கள், எண்ணெயைக் குறைத்து எழுதுகிறீர்கள், நாளுக்கு 200 விடுபடுகிறது என்றாலும் பாதகமில்லை. கிடைக்கும் சொந்த எண்ணும் அதே 200 குறைவாக வரும். அதிலிருந்து 300 கழித்து, அதே மறதியோடு எழுதிக்கொண்டு போனால் 300 உண்மையாகவே குறையும். பிழை ஒரே மாதிரி இருந்தால் போதும். ஒரு வாரம் எழுதி, மறுவாரம் சனி, ஞாயிறு நோட்டை மூடி வைத்தால்தான் கணக்கு கெடும்.

பொதுக் குண்டானை அளக்கும் முறை: காலிப் பாத்திரத்தின் எடையைச் சுவரில் எழுதி வையுங்கள். சாம்பாருக்குத் துவரம் பருப்பு 200 கிராம் 680 கலோரி, எண்ணெய் 30 மில்லி 240, காய்கறி 400 கிராம் சுமார் 120. மொத்தம் 1,040. கொதித்து இறக்கியபின் பாத்திர எடை போக 2,100 கிராம் இருந்தால் 100 கிராமுக்கு 50 கலோரி. உங்கள் குழம்புக் கரண்டி ஒரு முறை எவ்வளவு மொள்ளும் என்று ஒரே ஒரு நாள் அளந்துவிட்டால் போதும், பிறகு கரண்டிக் கணக்குதான். வடித்த சோறு 100 கிராமுக்கு 130, ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்கு 40, சர்க்கரைக்கு 20.

கடைச் சாப்பாட்டுக்கு நிலையான எண் ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றாமல் எழுதுங்கள். பரோட்டா ஒன்றுக்கு 300, தட்டு பிரியாணிக்கு 750, பீச் ஸ்டேஷன் பக்கம் சாப்பிடும் பர்மா நூடுல்ஸான அத்தோவுக்கு 500. எண்ணெயைத் தாராளமாக விட்டுக் கையால் பிசையும் அத்தோவுக்குத் துல்லியமான எண் எவராலும் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. குவார்ட்டர் ஒன்றில் மதுவின் கலோரி மட்டுமே 425. சைடிஷ் அதற்கு மேல். இதை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

விலை: சமையலறைத் தராசு ஒன்று, தினமும் பத்து நிமிடம், வீட்டில் சமைப்பவரின் ஒத்துழைப்பு. கடைசியாகச் சொன்னது கிடைக்காவிட்டால் இந்த வழி ஒரு வாரத்தைத் தாண்டாது. இன்னொன்று, நம் ஊரின் புழுக்கம். மே மாதம் ஒரு மணி நேரப் பயிற்சியில் ஒரு கிலோ வியர்வையாகவே போகலாம். இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து மறுநாள் ஒரு கிலோ ஏறும். இரண்டும் கொழுப்பு அல்ல. புதிதாக எடை தூக்கத் தொடங்கியவருக்கு முதல் மூன்று வாரம் தசையில் நீர் தங்கி மெஷின் நின்றுபோகலாம். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் ஒரே கட்டத்தை மறுமாதத்தின் அதே கட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஆகவே அவர்களுக்கு நான்கு வாரம் போதாது, எட்டு வாரம் எழுதுவது நல்லது.

## வழி 4: எண்ணாமல் குறைப்பது

இதை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். நான்கு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் தலைக்கு நாளுக்கு 205 கலோரி. 2 லிட்டருக்குக் கொண்டுவந்தால் 137. நாளுக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 200. அரைத் தேக்கரண்டியாக்கினால் 50. மதியம் 400 கிராம் சோறு 250ஆனால் 195 மிச்சம். மூன்றும் சேர்ந்து 400 கலோரியைத் தாண்டுகிறது, நோட்டும் இல்லை தராசும் இல்லை. குறைத்த சோற்றின் இடத்தைப் பொரியலும் மீனும் நிரப்பினால் பசிக்காது. காசிமேட்டில் வாங்கும் மத்தியோ கானாங்கெளுத்தியோ, குழம்பாகப் போட்டால் புரதம் வரும், வறுத்தால் எண்ணெயும் சேர்ந்து வரும்.

வயதானவர்களுக்கும், ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்கும், எண்களைப் பார்த்தாலே பதற்றப்படுபவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு. குறை, வேலை செய்யாவிட்டால் ஏன் என்று தெரியாது. இடுப்பைத் தொப்புள் மட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்துவந்தால் ஓரளவு தெரியும்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | ஒரே அளவு | கூட்டிக்கொள்வது | நான்கு வார நோட்டு | எண்ணாமல் |
|---|---|---|---|---|
| பிழை | பெருக்கெண் தவறினால் 240–450 | முழு வாட்ச் எண் என்றால் பெரிது, பாதி என்றால் சிறிது | மிகக் குறைவு | அளவிட முடியாது |
| இருமுறை எண்ணும் ஆபத்து | வாட்சையும் சேர்த்தால் உண்டு | அதிகம் | இல்லை | இல்லை |
| வீட்டுச் சமையல் | சுமார் | சுமார் | பழகினால் எளிது | மிக எளிது |
| தாங்கும் காலம் | மாதக்கணக்கு | ஆளைப் பொறுத்தது | 4–8 வாரம் | ஆண்டுக்கணக்கு |
| தவறைத் திருத்த | எடை பார்த்தால் முடியும் | குழப்பம் | கணக்கே சொல்லிவிடும் | கடினம் |

ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் பரிந்துரை: வழி 1ஐ மேலே சொன்ன வேலை சார்ந்த பெருக்கெண்ணோடு தொடங்குங்கள். அதே நாளில் நோட்டையும் தொடங்குங்கள். நான்காம் வார முடிவில் சொந்த எண் கிடைத்ததும் சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். அந்த எண்ணில் 300 முதல் 500 கழித்து, அதற்குள் அடங்கும்படி சோறு, எண்ணெய், டீ அளவுகளைப் பழக்கமாக்கிக்கொண்டால் தினமும் எழுத வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஆடும் நாளில் மட்டும் வழி 2ஐத் தொடுங்கள்.

குறையும் வேகம் வாரத்துக்கு உடல் எடையில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை போதும். 86 கிலோவுக்கு 430 முதல் 860 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் தசையும் கூடுதலாகச் சேர்ந்து போகலாம். உணவைக் கூட்டுங்கள். புரதம் கிலோ எடைக்கு 1.2 கிராமாவது இருக்கட்டும், வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் வேண்டும். மருத்துவர் பார்வை இல்லாமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே போகக் கூடாது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த நான்கில் எதைத் தொடங்கும் முன்பும் மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிவிட வேண்டும். சாப்பாடு குறைந்து, நடை கூடி, மருந்து மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து வழியிலேயே மயங்க நேரலாம். நடைக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ நான்கு தேக்கரண்டி சர்க்கரையோ மடித்து வைத்திருங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், 18 வயதுக்குக் கீழுள்ளோர், சிறுநீரகக் கோளாறு உள்ளோர் தாங்களாகக் கணக்குப் போட்டுக் குறைக்கக் கூடாது.

ஐந்து கிலோ குறைந்தபின் சொந்த எண் சுமார் 65 கலோரி இறங்கியிருக்கும். ஒரு டீயைக் குறைத்தாலே அது சரியாகிவிடும். மூன்று வாரச் சராசரி அசையாமல் நின்றால், உணவை மேலும் குறைக்கும் முன் ஒரு வாரம் மறுபடி நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள். எண்ணெய் டப்பா எந்தத் தேதியில் தீர்கிறது என்பதில் தொடங்கலாம்.